பூட்டிய மையமும் நிரம்பிய கேள்வித்தாளும்

கேள்வி இதுதான். நாகப்பட்டினம் கடலோரத்தில் ஆறு மீனவ கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் இரண்டு வருடம் பேரிடர் முன்தயாரிப்புப் பயிற்சி கொடுத்திருக்கிறது. அது பலன் தந்ததா என்று மதிப்பிட்டு ஆய்வேடு எழுத வேண்டும். கேட்பவர் சமூகப்பணி முதுகலை மாணவி. 300 பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி, சதவீதம் எடுத்துக் காட்டினால் போதுமா என்கிறார்.

பட்டம் வாங்கப் போதும். பயிற்சி பலன் தந்ததா என்று தெரிந்துகொள்ளப் போதாது. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் நானும் பல வருடம் அந்த 300 பேர் கேள்வித்தாளைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

ஒரு கிராமத்தில் நடந்தது. "புயல் பாதுகாப்பு மையம் எங்கே இருக்கிறது தெரியுமா?" என்ற கேள்விக்கு அநேகமாக எல்லாரும் 'தெரியும்' என்றே டிக் போட்டார்கள். மதியம் மழை தூறியது. கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு, கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "வாங்கம்மா, அந்த மையம் வரைக்கும் நடந்து பார்த்துட்டு வருவோம்" என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்தார். வீட்டில் மாமியாரும் இருந்தார், முழங்கால் வலிக்காரர். அவரையும் கூட்டிக்கொண்டோம். ஓடை மேட்டைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. என் கைக்கடிகாரத்தில் முப்பத்தைந்து நிமிடம். போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டோம். "தலையாரிகிட்ட இருக்கும்." தலையாரி பக்கத்து ஊர்க்காரர், அன்று தாலுகா ஆபீஸ் போயிருந்தார். மாமியார் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "மாடிப்படி வேற ஏறணுமா? நீங்க போங்க தம்பி, நான் வீட்லயே கெடக்கேன்."

காலையில் இதே வீட்டில் வாங்கிய கேள்வித்தாளில் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில். யாரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது அறிவை. புயல் அன்று வேண்டியது சாவி, படி, முழங்கால். அதனால் என் முதல் யோசனை: 300 கேள்வித்தாளை 150 ஆக்குங்கள், மிச்ச நேரத்தில் 20 வீட்டோடு நடங்கள். கையில் கடிகாரமும் நோட்டும் போதும். வீட்டில் யார் யார், யாரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், எங்கே தண்ணீர் தேங்கும், எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று எழுதுங்கள்.

ஒத்திகைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை நம்பாதீர்கள் என்பதற்கு ஜப்பானில் ஒரு கொடுமையான சாட்சி இருக்கிறது. இவாதே மாகாணத்துக் கமாய்ஷி நகரில் உனொசுமாய் என்று ஒரு பகுதி. அங்கே ஒரு பேரிடர் தடுப்பு மையம் கட்டியிருந்தார்கள். சுனாமிக்கு ஒதுங்க வேண்டிய இடமாக அது அறிவிக்கப்படவில்லை, அறிவிக்கப்பட்ட இடம் மேட்டில் இருந்தது. ஆனால் முதியவர்கள் அவ்வளவு தூரம் ஏற மாட்டார்கள், ஒத்திகைக்கு ஆள் சேராது என்று, ஒத்திகையை அந்த மையத்திலேயே வைத்தார்கள். ஆள் சேர்ந்தது. 3 மார்ச் 2011 அன்றும் ஒத்திகை அங்கேதான். எட்டு நாள் கழித்து மார்ச் 11 அன்று நிஜமாகவே சுனாமி வந்தபோது, பழகிய கால் பழகிய இடத்துக்கே போனது. அந்தக் கட்டடத்தில் 160க்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பின்னால் கணித்தார்கள். அதே நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். வரைபடத்தை நம்பாதே, இன்னும் மேலே போக முடிந்தால் போ என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டுமே பயிற்சிதான். வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் நல்ல மதிப்பெண் விழும்.

அடுத்தது ஒப்பீடு. ஆய்வேடுகள் பெரும்பாலும் சரிவது இங்கேதான், அதனால் இதில் நேரம் செலவழிக்கிறேன்.

ஒடிசாவை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 29 அக்டோபர் 1999 பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 12 அக்டோபர் 2013இல் பைலின் புயல் கோபால்பூரில் கரையைக் கடந்தபோது ஒடிசாவில் இறந்தவர்கள், பின்னால் வந்த வெள்ளத்தையும் சேர்த்து, ஐம்பதைத் தாண்டவில்லை. கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். 1999க்குப் பிறகு மாநிலத்துக்கென்று தனி பேரிடர் ஆணையம் அமைத்தது, புயல் மையங்களை நூற்றுக்கணக்கில் கட்டியது, வானிலைத் துறை பல நாள் முன்பே துல்லியமாகச் சொன்னது எல்லாம் உண்மை. பெருமைப்பட வேண்டியதும்தான்.

ஆனால் 10,000 எங்கே, 50 எங்கே, வித்தியாசம் முழுவதும் முன்தயாரிப்பால் வந்தது என்று எழுதினால் தப்பு. 1999இல் அடி விழுந்தது எரசமா, ஜகத்சிங்பூர் பக்கம். தட்டையான கழிமுகம். கடல் 20 அடி உயரத்துக்கு எழும்பி உள்ளே வந்தது, புயலும் நகராமல் ஒரு நாளுக்கு மேல் அங்கேயே நின்றது. பைலின் போனது கஞ்சம் மாவட்டம் வழியாக. அங்கே கரை அவ்வளவு தட்டை இல்லை, கடல் எழும்பியதும் ஏழெட்டு அடிதான். காற்றில் இரண்டும் கொடிய புயல்கள், ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். ஆக 1999இன் ஏற்பாட்டோடேயே 2013 புயல் அதே கஞ்சத்தில் அடித்திருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பதே சரியான கேள்வி. 10,000 இருக்காது, 50ம் இருக்காது. இந்த நடுக் கணக்கைப் போட முயல்வதுதான் மதிப்பீடு. உங்கள் ஆய்விலும் 'பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின்' என்று இரண்டு தூண் வரைந்துவிட்டு நிறுத்தாதீர்கள். அந்த இரண்டு வருடத்தில் ஊரில் வேறு என்னென்ன மாறின? செல்போன் எத்தனை வீட்டுக்கு வந்தது? புதுச் சாலை விழுந்ததா? நடுவில் ஒரு புயல் வந்து எல்லாரையும் பயமுறுத்திவிட்டுப் போனதா?

இதை இன்னும் நன்றாக விளக்கும் கதை நம் ஊரிலேயே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையோரம் 18 குடியிருப்புகளில் இறப்பு, பொருள் சேதம், கடலிலிருந்து தூரம், தரை உயரம், முன்னால் நின்ற மரங்கள் எல்லாவற்றையும் தொகுத்து 2005இல் கட்டுரை வெளியிட்டார்கள். அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் இழப்பு குறைவு. பிச்சாவரம் அலையாத்திக் காடு சுனாமியைத் தடுத்தது என்று நாம் எல்லாரும் படித்தோமே, அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளில் இதுவும் ஒன்று. மறு வருடமே வேறு மூன்று ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். தூரத்தையும் உயரத்தையும் முதலில் கழித்துவிட்டுப் பார்த்தால், காடு என்று தனியே சொல்ல அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. அலையாத்தி வளர்வது முகத்துவாரத்திலும் காயலிலும். அதற்குப் பின்னால் இருக்கும் ஊர், காடு நிற்கிற அகலத்துக்குக் கடலிலிருந்து தள்ளித்தான் இருந்தாக வேண்டும். கடலுக்குப் போகிற மீனவர் குப்பமோ மணல் கரையிலேயே இருக்கும், படகை அங்கேதான் ஏற்ற வேண்டும். காடு உள்ள ஊர், காடு இல்லாத ஊர் என்று நாம் பிரிக்கும்போது, நமக்குத் தெரியாமலேயே தள்ளி இருக்கும் ஊர், ஒட்டி இருக்கும் ஊர் என்றும் பிரித்துவிடுகிறோம்.

காட்டால் பயனே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. 1999 புயலை வைத்து ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் 409 கிராமங்களை எடுத்து, தூரம் உள்ளிட்ட பலவற்றையும் கணக்கில் சேர்த்துச் செய்த ஒரு ஆய்வு 2009இல் வந்தது. காட்டின் அகலம் கூடக் கூட இறப்பு குறைந்தது என்றே அது கண்டது, முன்னெச்சரிக்கை அதைவிட அதிகம் பேரைக் காப்பாற்றியது என்றும் சொன்னது. புயல் அலை வேறு, சுனாமி வேறு. 18க்கும் 409க்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள்.

அந்த எண்ணிக்கை விஷயம் உங்களுக்கும் பொருந்தும். ஆறு கிராமத்தில் ஊருக்கு 50 பேர் என்று 300 பேரைக் கேட்டாலும், பயிற்சி கிடைத்தது ஊருக்கு, ஆளுக்கு இல்லை. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பஞ்சாயத்தார் பேச்சைக் கேட்பவர்கள், ஒரே ஒலிபெருக்கிக்குக் காது கொடுப்பவர்கள். புள்ளியியல் கண்ணுக்கு உங்களிடம் இருப்பது 300ஐ விட ஆறுக்குத்தான் பக்கம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், யாராவது கேட்டால், இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

பயிற்சி கிடைக்காத ஊர்களையும் எடுத்தே ஆக வேண்டும். குறைந்தது நாலு. தேர்ந்தெடுக்கும்போது கடலிலிருந்து தூரம், 2004இல் அந்த ஊர் இழந்த உயிர்கள், மையத்துக்கு உள்ள தூரம் இந்த மூன்றும் முடிந்தவரை ஒத்திருக்கட்டும். இழந்த உயிர்களை ஏன் சேர்க்கிறேன் என்றால், சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஊருக்கு எந்த நிறுவனமும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை, கடல் கொஞ்சம் உள்வாங்கினாலே ஓடுவார்கள். தொண்டு நிறுவனங்களும் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் முதலில் போகும். இன்னொன்று, மீனவ ஊர்களுக்குள் கொடுக்கல் வாங்கல், சம்பந்தம் எல்லாம் உண்டு. இங்கே நடந்த ஒத்திகையின் வீடியோ அன்று மாலையே மாப்பிள்ளை ஊர் வாட்ஸப் குழுவில் ஓடும். அதனால் ஒப்பீட்டு ஊர் ஒட்டிய ஊராக இருக்க வேண்டாம். அடுத்த வருடம் பயிற்சி கொடுக்கப்போகிற ஊர்கள் பட்டியல் அந்த நிறுவனத்திடம் இருந்தால், அதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. அவர்களும் அதே காரணங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், இன்னும் பயிற்சி மட்டும் கிடைக்காதவர்கள்.

உங்கள் தரவில் யார் இல்லை என்று ஒவ்வொரு ராத்திரியும் கேட்டுக்கொள்ளுங்கள். பேரிடருக்குப் பின் நடக்கும் கணக்கெடுப்பில் பதில் சொல்பவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள். "நான் பனை மரத்தைப் பிடித்துக்கொண்டேன், தப்பித்தேன்" என்று பத்துப் பேர் சொல்வார்கள். பனை மரத்தைப் பிடித்தும் போனவர்கள் வந்து சொல்லப்போவதில்லை. இதற்கு ஒரு வழி, ஆளைக் கேட்காமல் குடும்பத்தைக் கேட்பது: புயலுக்கு முந்தின நாள் இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், ஒவ்வொருவரும் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள்?

வங்கதேசத்தில் 1991 ஏப்ரல் புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்த பிறகு இப்படி ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். 45 குடியிருப்புத் தொகுதிகள், மொத்தம் 1,123 பேர், அவ்வளவுதான். செங்கல் அல்லது கான்கிரீட் கட்டடத்துக்குப் போய்ச் சேராதவர்களில் ஏறக்குறைய 22 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் நாற்பதைத் தாண்டிய பெண்களும் அதிகமாக இறந்தார்கள். என் கணக்கில், எவ்வளவு தரவு வேண்டும் என்று கவலைப்படுகிற மாணவர்களுக்கு மருந்து இந்த ஆய்வு. கேள்வி கூர்மையாக இருந்தால் ஆயிரம் பேர் போதும்.

பெண்கள் விஷயம் நம் கரையிலும் அப்படித்தான். சுனாமிக்குப் பின் 2005இல் ஆக்ஸ்பாம் தொகுத்த கணக்கில் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஞாயிற்றுக்கிழமைக் காலை. கடலுக்குப் போன ஆண்களுக்கு ஆழத்தில் அலை தெரியவே இல்லை, மீனை வாங்கி விற்கக் கரையில் நின்ற பெண்களும் வீட்டில் இருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். இதைத் தெரிந்துகொண்டே நாம் இன்றும் 'குடும்பத் தலைவர்' என்று போட்டு ஆணிடம் கேள்வித்தாளை நீட்டுகிறோம்! பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். முடிந்தால் ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தேன், நீங்களே பெண் என்பதால் என்னைவிட உங்களுக்கு அது எளிது.

எச்சரிக்கை விடுத்தார்களா என்று கேட்பதும் எச்சரிக்கை வந்து சேர்ந்ததா என்று கேட்பதும் ஒன்றல்ல. 2017 ஒக்கி புயலின்போது கரையில் அறிவிப்பு வந்த நேரத்தில் குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் பலர் ஆழ்கடலில் பல நாள் தங்கல் தொழிலில் இருந்தார்கள். அவர்கள் படகில் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. கோப்பில் அறிவிப்பு இருந்தது, காதில் விழவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு குறிப்பிட்ட அறிவிப்பை எடுத்துக்கொண்டு, மாவட்டத்திலிருந்து கிளம்பி ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை யார் யார் கை மாறியது, எத்தனை மணிக்கு என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது. எந்தக் கையில் நின்றுபோனது என்பது அப்போது தெரியும்.

நிஜமான பேரிடர் வராமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்பீர்கள். பொய் அபாயம் வந்தால் விடாதீர்கள். 11 ஏப்ரல் 2012 மதியம் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம். தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை, ஆனால் அது தெரியும்வரை இந்தியப் பெருங்கடல் முழுவதும் எச்சரிக்கை. சென்னைக் கடற்கரையைக் காலி செய்தார்கள். இந்தோனேசியாவின் பந்தா ஆச்சேயில் ஜனங்கள் பைக்கையும் காரையும் எடுத்துக்கொண்டு கிளம்பித் தெருவெல்லாம் நெரிசல். 2004க்குப் பிறகு அதற்கென்றே கட்டிய உயரக் கட்டடங்கள் பக்கத்தில் இருந்தும் அவற்றில் ஏறியவர்கள் குறைவு. இத்தனை வருடப் பயிற்சியின் நிலவரம் ஒரே மதியத்தில் வெளியே வந்தது. உங்கள் ஆய்வுக் காலத்தில் ஒரு புயல் திசை மாறிப் போனால், அடுத்த நாளே அந்த ஊர்களில் இருங்கள். ஒரு வாரம் போனால் நினைவு மாறும், மாதம் போனால் ஊரே ஒரே கதையைச் சொல்லும்.

எதைப் பலன் என்று எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். 16 நவம்பர் 2018 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. 80,000க்கும் மேற்பட்டோரை முன்பே முகாமுக்கு மாற்றியிருந்தார்கள், முதல் நாள் எதிர்க்கட்சியே பாராட்டியது. நாலு நாளில் சாலை மறியல். டெல்டாவில் தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது, ஒரு தென்னை மறுபடி காய்க்க எத்தனை வருடம் என்று பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்களைக் கேட்டால் தெரியும். உயிரை அளந்தால் முன்தயாரிப்பு நன்று, பிழைப்பை அளந்தால் முன்தயாரிப்பே இல்லை. இரண்டும் ஒரே புயல்.

பணக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. 'முன்தயாரிப்பில் போடும் ஒரு ரூபாய் நாலு ரூபாயை மிச்சப்படுத்தும்' என்று உங்கள் முன்னுரையில் எழுதத் தோன்றும். அது 2005இல் அமெரிக்காவில், அந்நாட்டுக் கூட்டாட்சிப் பேரிடர் முகமை கொடுத்த மானியங்களை வைத்துப் போட்ட சராசரி. டாலர் கணக்கு, பெரும்பாலும் கட்டடங்கள், அந்த ஊர் சூழல். நாகூர்க் கடற்கரையில் ஒலிபெருக்கிக்கும் ஒத்திகைக்கும் அதைத் தூக்கிப் பொருத்த முடியாது. அந்த வரியை விட்டுவிடுங்கள்.

நாகையில் வேலை செய்வதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பின் அந்தக் கரையைப்போலக் கேள்வி கேட்கப்பட்ட கரை தமிழ்நாட்டில் வேறில்லை. "நீங்க எத்தனையாவது ஆளு தெரியுமா தம்பி? எல்லாரும் எழுதிக்கிட்டுப் போறீங்க, என்ன எழுதினீங்கன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்ல" என்று ஒரு அக்கா என் முகத்துக்கு நேரே கேட்டார். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஊரை விட்டுக் கிளம்புமுன் பஞ்சாயத்தாரையும் பெண்கள் குழுவையும் உட்கார வைத்து, கண்டதைத் தமிழில் ஒரு பக்கமாக வாசித்துக் காட்டுவது. தப்பு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். இறப்பைப் பற்றிக் கேட்கும்போது மட்டும், பதில் வேண்டாம் என்று அவர்கள் எழுந்து போக இடம் கொடுங்கள், கதவுப் பக்கம் நீங்கள் உட்காராதீர்கள்.

வேலையை எப்படிப் பிரிப்பது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், ஆண்கள் கரையில் கிடைப்பார்கள், வலை பின்னிக்கொண்டே பேசுவார்கள். பயிற்சி பெற்ற ஆறு ஊர், பெறாத நாலு ஊர் இரண்டிலும் முதல் சுற்றை அப்போது முடியுங்கள். பயிற்சி முடிந்த அன்றே எடுத்த தேர்வு மதிப்பெண் நிறுவனத்திடம் இருக்கும், அதை வாங்கிக்கொண்டு அதே ஆட்களிடம் அதே கேள்வியை இப்போது கேளுங்கள், எவ்வளவு மறந்தது என்பது தனி அத்தியாயம் ஆகும். வீட்டோடு நடப்பதைச் செப்டம்பரில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அப்புறம் எச்சரிக்கை வரும் நாளுக்காகக் காத்திருக்கலாம். நடக்கப் போவதற்கு முன்னால் தலையாரிக்குப் போன் போட்டுச் சாவியை எடுத்து வைக்கச் சொல்லாதீர்கள். சும்மா போய்க் கேட்டைத் தட்டுங்கள். திறக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதே உங்கள் முதல் தரவு.